துண்டுக்குள் நடந்த பேரம்

எங்கள் குடும்பத்தின் செல்வத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை, காதால்தான் கேட்டிருக்கிறேன். கப்பல்கள் வரிசை கட்டி நின்ற காலத்தில் மட்டாஞ்சேரிக் கடைத்தெரு முழுக்க மிளகு காயுமாம், அந்த வழியே போகும் ஆடுகள்கூடத் தும்முமாம். அப்பா அன்று பெரிய மிளகுத் தரகர். எனக்கு விவரம் தெரிந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது தோளில் கிடந்த துண்டுதான்.

அந்தத் துண்டுக்கு ஒரு வேலை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் அதற்கடியில் கைகோத்து, விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் போகாத அப்பாவுக்குக் கணக்கெல்லாம் விரலில்தான்.

அத்தையைப் பெண் கேட்டு ஆலப்புழையிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே வந்த இடங்கள் நகைப் பேச்சில் முறிந்திருந்தன. இந்த மாப்பிள்ளையின் அப்பாவும் பழைய தரகர், அப்பாவுக்குத் தெரிந்தவர். ஆனால் கூட வந்திருந்த அவருடைய அக்கா, கொடுத்த சாயாவைத் தொடாமலே ஆரம்பித்தார்.

"பெரிய மிளகுக் கச்சவடக்காரக் குடும்பம்னு கேள்வி. பொண்ணுக்கு என்ன போடுவீங்க?"

அப்பா தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தார். மாப்பிள்ளையின் அப்பா செருமிக்கொண்டார்.

"அக்கா, நாங்க தரகருங்க. வாயால விலை பேசிப் பழக்கமில்லே. துண்டை எடும் ஓய்!"

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை என்னைத் தள்ளினாள். "கிட்டப் போய்ப் பாருடா."

நான் பாயில் குப்புறப் படுத்துத் துண்டுக்கடியில் எட்டிப் பார்த்தேன். மேலே இருவரும் புருவத்தை நெரித்தார்கள், தலையை ஆட்டினார்கள், "சேச்சே, கட்டாது" என்றார்கள். கீழே ஒரு விரல்கூட அசையவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் அப்பாவின் கையை இறுகப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

"ஒத்து வந்தாச்சு!" என்று அவர் துண்டை உதறினார்.

"எவ்வளவுக்குடா?" என்றார் அக்கா.

"துண்டுக்குள்ள பேசினதை வெளியில சொல்றது கச்சவட மரியாதை இல்லே, அக்கா. சாயா ஆறுது, குடி."

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்: "அவங்க பேரமே பேசலை அத்தை! சும்மா கையைப் பிடிச்சிட்டு இருந்தாங்க!"

அத்தை என் வாயில் ஒரு பெரிய அல்வாத் துண்டைத் திணித்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

அல்வா நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அன்றெல்லாம் ஒரே வருத்தம். அவ்வளவு பெரிய தரகர்கள், இருவருக்குமே தொழில் மறந்துவிட்டதே!