பீமுக்குக் கீழே ஒரு கட்டில்

சர்க்கரை வியாதியால் என் கணவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, அவருடைய உலகம் எங்கள் எட்மண்டன் வீட்டின் ஹோலுக்குள் சுருங்கிப்போனது. குளியலறை மேல்மாடியில். அவருக்குப் படி ஏற ஏலாது. தெருப்பக்கத் திரையை இழுத்து மூடிவிட்டு, பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து நான் உடம்பு துடைத்துவிடுவேன். அந்த நேரம் முழுக்க அவர் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார், அதைப் போடாவிட்டாலும். தன் சேர்ட்டைக்கூட என்னை அயர்ன் பண்ண விடாத மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கீழே, கதவைச் சாத்திக்கொண்டு தானே குளித்து, தானே படுத்து எழும்பக்கூடிய ஓர் அறை.

அதற்காகத்தான் சாப்பாட்டறையின் பின்சுவரை உடைத்து வீட்டைத் தோட்டத்துக்குள் நீட்டினோம். உடைத்த சுவருக்குப் பதிலாக மேல்மாடியைத் தாங்குவதற்கு ஓர் இரும்பு பீம் போட வேண்டும். பில்டர் எங்கட ஆள். கோயிலில் கண்டால் தூரத்திலிருந்தே கும்பிடு போடுகிற ஆள். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் வேண்டும் என்பது இங்கே சட்டம். நகரசபையான கவுன்சிலின் ஆளைக் கூப்பிடலாம், அல்லது தனியார் கம்பனி ஒன்றை வைக்கலாம். கவுன்சில்காரன் வந்தால் ஆணிக்கு ஆணி நோண்டுவான் என்று சொல்லி, தனக்குத் தெரிந்த தனியார் கம்பனி ஒன்றைப் பில்டரே கொண்டுவந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனால் எங்கள் சனத்துக்குக் கவுன்சில் என்ற சொல்லைக் கேட்டாலே பயம். மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கும்தான்.

அந்த இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்குள் வந்தது ஒரேயொரு தரம். அன்றைக்குப் பிளேஸ்டோவிலிருந்து மச்சாள், என் கணவரின் தங்கை, மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு எங்கே இருக்கிறது? அவர் ரசித்துச் சாப்பிட்டார். கைவிரலைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே சீமெந்துத் தூசி, அவர் சப்பாத்தோ பளபளப்பு. மிச்சத்துக்குப் படம் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அந்த விரல்களை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

அடுத்ததாக ஆடி மாதம் குறுக்கே வந்தது. ஆடியில் புது அறைக்குப் பால் காய்ச்சக்கூடாது, அதற்கு முன்னமே முடிக்க வேண்டும் என்று மச்சாள் ஐயரிடம் நாளும் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பில்டருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "ஆடி பிறக்க முன்னம் மூடிப்போடுவம் அக்கா, இன்ஸ்பெக்டருக்கு நான் படம் அனுப்பிட்டன்," என்றார். எதன் படம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சீலிங் ஏறியது, வெள்ளை அடித்தாயிற்று, பாலும் பொங்கியது. அன்று என் கணவர் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் குசினி அடுப்படியில் நின்று அழுதேன்.

வேலை முடிந்ததற்கான சேர்டிபிக்கேட் மட்டும் வரவில்லை. கேட்ட போதெல்லாம் வரும் வரும் என்றார் பில்டர். குளிர் தொடங்கியதும் நானே அந்தக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். லைன் செத்துப்போயிருந்தது. பில்டரைப் பிடித்து உலுக்கினால், "அவை பூட்டிப்போட்டினம் அக்கா, கனநாளாச்சு," என்கிறார் சிரித்துக்கொண்டே, மூலையிலிருந்த கோழிக்கடை பூட்டிய மாதிரி. தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அப்படியே முகத்திலிருந்து உரித்தெடுக்க வேண்டும் போலிருந்தது.

மச்சாள் பேசாமல் இருக்கச் சொன்னாள். நாங்களாகப் போய்க் கவுன்சிலிடம் வாயைக் கொடுக்கக்கூடாதாம், அவளுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் சேர்டிபிக்கேட் இல்லாமலே இருக்கிறார்களாம். நான் கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். கம்பனி மூடியதோடு அவர்களுடைய பொறுப்பும் பாதியில் முடிந்துவிட்டது. இனி கவுன்சில்தான் பொறுப்பெடுக்க வேண்டும், அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வரைபடம், பீம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற இஞ்சினியரின் கணக்கு, கம்பனி தந்த கடதாசிகள், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மூடிய இடங்களைத் திறந்து காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். இதே குழியில் விழுந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: பில்டர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்காதீர்கள், அவருடைய போன் வேலை செய்கிற போதே அவரிடமிருக்கும் கடதாசி எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிடுங்கள், கவுன்சிலுக்கு நீங்களே போன் எடுங்கள்.

பில்டரிடம் நான் பிடுங்கிய படங்களில் பாதி வேறு யாருடைய வீடோ. ஜன்னலே வேறு. இதைத்தான் அந்தக் கம்பனிக்கு அனுப்பியிருக்கிறார், அவர்களும் சரி என்றிருக்கிறார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

கவுன்சில் இன்ஸ்பெக்டர் ஒரு மழைநாள் காலையில் வந்தார். தேத்தண்ணீர் வேண்டாம், ஏணி இருக்கிறதா என்று கேட்டார். பீமின் இரண்டு நுனியிலும் சீலிங்கைத் திறக்க வேண்டும் என்றார். பால் காய்ச்சிய அறையை உடைக்கிறார்களே என்று மச்சாள் முணுமுணுத்தாள். ஒரு நுனி சரியாக இருந்தது. மற்றதைத் திறந்துவிட்டு அவர் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். பீம் வந்து உட்காருகிற இடத்தில் ஒரு கொங்கிரீட் கட்டை இருக்க வேண்டுமாம். அங்கே இருந்தது மரத்துண்டு ஆப்புகளும் உடைந்த டைல்ஸும். குளியலறைக்கு நான் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கிய வெளிர்நீல டைல்ஸ். அதன் மேல்தான் மேல்மாடிச் சுவர் முழுவதும் நின்றது. அதற்கு நேர் கீழே என் கணவரின் தலையணை.

இன்றே அவரை அந்த அறையிலிருந்து எடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அன்றே இரும்பு முட்டுகள் வந்து நின்றன. நான் பில்டருக்கு எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவ்வளவு நாளும் விழேல்லத்தானே அக்கா." மன்னிப்பு இல்லை, ஒரு பதற்றம் இல்லை. அந்தக் குரலில் கொஞ்சம் மனக்குறைகூட இருந்தது, நான்தான் அவருடைய பெயரைக் கெடுக்கிறேன் என்பது போல. நான் போனை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். இதற்குப் பிறகும் கோயிலில் என்னைக் கண்டால் கும்பிடுகிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

வேறு ஆட்கள் வந்து கட்டை வைத்து, பீமைச் சரியாக இருத்தி, சீலிங்கை மூடினார்கள். கவுன்சில்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் வந்து தொட்டுப் பார்த்தார். சேர்டிபிக்கேட் வந்தது. நான் அறையைக் கூட்டித் துடைத்து, புது விரிப்புப் போட்டுவிட்டு என் கணவரைக் கூப்பிட்டேன். சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்தார், நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். குளிக்க மட்டும் உள்ளே போவார். படுப்பது ஹோலில் சோபாவில், ஒரு பக்கமாக ஒருக்களித்து, கீழே விழுந்துவிடாமல்.

கடதாசியைக் காட்டினேன். இஞ்சினியரின் கணக்கை வாசித்தேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார், அசையவில்லை. ஒரு பின்னேரம் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நேரே போய் அந்தக் கட்டிலில், அவருடைய தலையணையில், பீமுக்கு நேர் கீழே நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.

"இஞ்ச வந்து பாருங்கோ, நான் படுத்திருக்கிறன். ஒண்டும் நடக்கேல்ல."

அவர் வாசலுக்கு வந்தார். நான் அவர் கோபப்படுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை உருட்டிக்கொண்டு கட்டிலடிக்கே வந்தார்.

"எழும்பும்," என்றார். "எனக்கு ஒண்டு எண்டா நீர் இருக்கிறீர். உமக்கு ஒண்டு எண்டா, ஓடி வந்து தூக்கக்கூட என்னால ஏலாது."

நான் எழும்பினேன். அடுத்த நாள் கட்டிலைக் கழற்றி ஹோலுக்குக் கொண்டுவந்து திரும்பவும் பொருத்திப் பூட்டினோம்.