பிரியந்தியின் வார்டுப் பாட்டு

பிரியந்திக்கு வாய் அதிகம் என்று பொகவந்தலாவைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டமே சொல்லும். அந்த வாய்தான் அவளுக்குத் தொழில். ராப் பாடுகிறாள்.

முதல் பாட்டு கக்கூஸைப் பற்றியது. காலையில் மலையேறும் பெண்கள் கொழுந்து நிறுத்து முடியும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்த அம்மா அம்மாக்கண்ணு ஒருநாள் மயங்கி விழுந்தாள். பிரியந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொரை பங்களாவுல மூணு, எங்க மலையில ஒண்ணுகூட இல்ல" என்று பாடிப் போனில் பதிந்து இணையத்தில் போட்டாள். ஹட்டனில் நடந்த தொழிலாளர் ஆர்ப்பாட்டத்திலும் மைக்கைப் பிடுங்கி அதையே பாடினாள். மலையில் இரண்டு கக்கூஸ் வந்தன. தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். வெட்கம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

கொழும்பு, கண்டி என்று மேடைகள் வந்தன. ஆனால் ஒரு பாட்டை, வார்டுப் பாட்டை மட்டும் அவள் பதிவு செய்யவே இல்லை. பத்தொன்பது வயதில் அவள் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் படுத்தவள் எழவில்லை. செத்துப் போ, செத்துப் போ என்று காதுக்குள் ஒரு குரல். கோடாங்கி வந்து உடுக்கடித்து வேப்பிலையால் விளாசிவிட்டுப் போனான். குரல் போகவில்லை. பிறகுதான் அம்மா அவளை ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் சேர்த்தாள். ஊருக்குச் சொன்னது வேறு: மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை. கேட்டவர்களிடமெல்லாம் அம்மா அந்த முதலாளியின் நல்ல குணத்தைக்கூடப் புகழ்ந்தாள். வெளியூர்க் கூட்டங்களில் வார்டுப் பாட்டைப் பாடி, தன்னைத் தேடிவந்த பெண்களை மனநலக் கிளினிக்குக்கு அழைத்துப்போன பிரியந்தி, சொந்தத் தோட்டத்தில் அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருடம் சொந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பாடக் கூப்பிட்டார்கள். தங்கை சுலக்ஷனாவைப் பார்க்கக் கந்தப்பளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாக இருந்தது.

"அந்தப் பாட்டு மட்டும் வேணாம்டி. ஒன் தங்கச்சி வாழ்க்கை," என்று கெஞ்சினாள் அம்மா.

மேடையில் அழகுமுத்து மைக்கைப் பிடித்தார். "நம்ம தோட்டத்துப் புள்ள! கொழும்புல துணிக்கடையில கஷ்டப்பட்டு ஒழச்சு, இன்னிக்கு இந்த நெலமைக்கு வந்திருக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். பட்ட வேதனையெல்லாம் ஒரு துணிக்கடைக்குள் போய்விட்டதே என்று பிரியந்திக்கு உடம்பு கொதித்தது.

"நான் எந்தக் கடையிலயும் இருக்கலங்க. பைத்தியம்னு நீங்க சொல்ற வார்டுல இருந்தேன். மருந்து குடிச்சேன். உசுரோட நிக்கிறேன்," என்றாள். பிறகு வார்டையும், மருந்துக்குப் போன கிளினிக்கையும் பற்றிய அந்தப் பாட்டைப் பாடினாள். தொண்டை கிழியப் பாடினாள்.

பாட்டு முடிவதற்குள் கந்தப்பளைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"பாட்டுக்கே ஓடுறவங்க, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நிப்பாங்களா? போகட்டும்க்கா," என்றாள் சுலக்ஷனா. சொல்லும்போதே அழுதாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை அம்மா பெரட்டுக்குக் கிளம்பினாள். வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம். ஒருவர் வாய்க்கும் பூட்டு கிடையாது. அம்மாவைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பிரியந்தியும் கூடப் போனாள்.

"என்னக்கா, அந்தத் துணிக்கடை முதலாளி சொகமா இருக்காரா?" என்று ஒருத்தி அம்மாவைக் கேட்டாள். நான்கு பேர் சிரித்தார்கள்.

பிரியந்தி வாயெடுப்பதற்குள் அம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"கடையும் இல்ல, மொதலாளியும் இல்ல. எம் புள்ள சாகக் கூடாதுன்னு நான்தான் கையப் புடிச்சு வார்டுல கொண்டுபோய் விட்டேன். அதுக்கு நான் வெக்கப்படல. இத்தன வருசம் பொய் சொன்னேன் பாரு, அதுக்குத்தான் வெக்கப்படுறேன். இன்னும் யாருக்கு என்ன கேக்கணும்? கேளுங்க!"

சிரிப்பு நின்றது. கங்காணிகூடத் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கிளினிக் எந்தக் கெழமைக்கா?"