கண்ணாடியைச் சுற்றிப் போன விரிசல்

நம்பாவிட்டால் போங்கள், இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களை நானும் நமட்டுச் சிரிப்போடு பார்த்தவன்தான். தென்காசியில் பழைய சுவர்களைப் பழுது பார்க்கிற காண்ட்ராக்டர் நான். சாமி படத்தைக்கூட ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவேன்.

குற்றாலத்தில் முத்தையா அண்ணாச்சியின் லாட்ஜ். கீழ் அறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நேர் விரிசல், அடுத்த அறை வெளிச்சம் தெரிகிற அளவுக்கு. சீசனுக்கு அங்கே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வரப்போகிறது. விரிசல் நின்றுவிட்டதென்றால் கலவையால் அடைத்தால் போதும். இன்னும் நகர்கிறதென்றால் கம்பி வைத்துத் தைக்கவேண்டும், இல்லை இடித்துக் கட்டவேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை சிமெண்டால் ஒட்டிவிட்டு வந்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் வித்தை.

மறுவாரம் போனால் கண்ணாடி முழுசாக இருக்கிறது. விரிசல்தான் அதன் அடியில் இல்லை. ரோட்டில் படுத்திருக்கிற மாட்டைச் சுற்றி ஆட்டோ போகுமே, அந்த மாதிரி கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழே பழைய தடத்தில் சேர்ந்திருந்தது.

அண்ணாச்சி மேல்தான் எனக்குச் சந்தேகம். செலவை மிச்சம் பிடிக்க, விரிசலைப் பூசிவிட்டுப் பக்கத்தில் கீறியிருப்பாரோ?

"நான் எதுக்கு வே சுவத்தக் கீறப் போறேன்? கண்ணாடி உடையலல்லா, பூசி விடும்!"

பெரிய துப்பறிகிறவன் என்ற நினைப்பில், விரிசல் வளைந்த இடத்திலும் ஒரு கண்ணாடியை ஒட்டி, அறையைப் பூட்டி, சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். படுத்தால் குத்தியது.

மறுபடி திறந்தபோது அதையும் சுற்றிக்கொண்டு போயிருந்தது. கண்ணாடிகளுக்கு அடியில் பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது, பூசிய அடையாளமே இல்லை. இப்போது அண்ணாச்சி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சாவி உம்ம இடுப்புலதான கெடந்துச்சு?"

நல்ல கேள்வி. தொழில் முறைப்படி கண்ணாடி உடையவில்லை, அடைத்துவிடலாம். ஆனால் அந்தக் குழந்தையின் தலை அங்கேதானே இருக்கும்?

"இடிச்சிருவோம் அண்ணாச்சி."

"சீசன் நேரத்துல இடிக்கச் சொல்லுதீரு. பயந்துட்டீரு வே."

"ஆமா, பயந்துட்டேன். நீங்க ஒரு மத்தியானம் அங்கன தலைய வச்சுப் படுங்க, நான் பூசிருதேன்."

அவர் கட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சரி, இடியும் வே" என்றார்.

மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்ற வைத்தேன். முற்றத்தில் அடுக்கியதை நானும் அண்ணாச்சியும் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். நேராக இறங்குகிற விரிசல் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கல்லைப் பிளந்தாகவேண்டும். பிளந்த கல் ஒன்றுகூட இல்லை.

புதுச் சுவர் ஜம்மென்று நிற்கிறது. அந்தக் குடும்பமும் வந்து அருவியில் குளித்துவிட்டுப் போனது. ஆனால் அந்த விரிசல் வழியாக அடுத்த அறை வெளிச்சத்தை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல் பிளக்கவே இல்லையென்றால், நான் எதன் வழியாகப் பார்த்தேன்?