சீர் மேஜையில் ஒரு வெள்ளை வட்டம்

என் மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்த தேக்குச் சாப்பாட்டு மேஜைக்கு எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் என்னைவிட மரியாதை அதிகம். என் மேல் தூசி படிந்தால் யாரும் கேட்பதில்லை. மேஜையை என் மனைவி தினமும் துடைப்பாள். சூடான பாத்திரத்தை அதன் மேல் வைக்கக் கூடாது என்பது முப்பது வருடச் சட்டம். நான் வைத்தே தீருவேன் என்பது அவளுடைய முப்பது வருட நம்பிக்கை.

போன மாதம் அவள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனாள். இரண்டாம் நாளே அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினேன். இட்லிப் பானையை இறக்கும்போது கை சுட்டது, மேஜைதான் பக்கத்தில் இருந்தது. பானையை எடுத்தால் அதன் அடி அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம்.

அவள் கத்தினால்கூடப் பரவாயில்லை. கத்த மாட்டாள். "எனக்குத் தெரியும்" என்பாள், அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்காமல் தப்பிக்க நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

யூடியூபில் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். இன்னொருவர் பற்பசை தேய்க்கச் சொன்னார். இருவருக்கும் என் மேஜை மேல் என்ன விரோதமோ தெரியவில்லை. மூன்றாமவர் ஒரு வெள்ளைக்காரர். சிகரெட் சாம்பலை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் வட்டம் போய்விடும் என்று அடித்துச் சொன்னார். எங்கள் வீட்டில் சிகரெட் கிடையாது. சாம்பல் என்று இருப்பது பூஜை அலமாரியில் உள்ள விபூதி ஒன்றுதான். சாம்பலுக்குச் சாம்பல், புண்ணியத்துக்குப் புண்ணியம் என்று ஒரு சம்படம் விபூதியையும் குழைத்துப் பூசினேன். வட்டம் அசையவில்லை. மரத்தின் ரேகைகளுக்குள் விபூதி இறங்கி, மேஜை சிவப்பழமாக நின்றது. வீடு முழுக்க ஜவ்வாது வாசனை.

கடைசியில் சைதாப்பேட்டையிலிருந்து மரத்துக்கு பாலிஷ் போடும் ஒருவரை வரவழைத்தேன். என் வயதுதான் இருக்கும். குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னா சார், மேஜைக்கு எதுனா வேண்டுதலா?"

அவர் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். விபூதி வந்துவிட்டது, வட்டமும் மங்கியது. ஆனால் வட்டத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தைத் துடைத்தபோது துணி பழுப்பாகிவிட்டது.

"இங்க யாரோ பூட் பாலிஷ் பூசிக்கீறாங்க சார். அடியில சுட்ட தழும்பு கீது."

பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில், கூர்முனை உட்பட, கறுப்பாக ஒரு தழும்பு. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. எனக்குச் சட்டம் பேசியவள் அவளே சுட்டிருக்கிறாள், பூசி மெழுகியும் இருக்கிறாள்! வட்டத்தை மட்டும் எடுங்கள், தழும்பைத் தொடாதீர்கள் என்றேன்.

"ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை வுட்டா நல்லாவா இருக்கும்?"

"இருக்கட்டும். அது சாட்சி."

அவள் ஊரிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் மேஜைக்கு அழைத்துப் போனேன்.

"இது யார் வேலை?"

அவள் தழும்பை விரலால் ஒருமுறை தடவினாள்.

"உங்க வேலைதான். கல்யாணமான புதுசுல இன்டர்வியூவுக்குன்னு இது மேலதான் சட்டையைத் தேய்ச்சீங்க. பெட்டியை அப்படியே வச்சுட்டு, மழை வருதான்னு பார்க்க ஜன்னலுக்குப் போனீங்க. சட்டை கருகிடுச்சுன்னு வேற சட்டையை மாட்டிக்கிட்டு ஓடிட்டீங்க. கீழ மேஜை என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"வேலை கிடைச்சுதுன்னு சிரிச்சுக்கிட்டு வந்தீங்க, எப்படிச் சொல்றது? அப்பா எப்ப வந்தாலும் முதல்ல இந்த மேஜையைத்தான் தடவிப் பார்ப்பார். மாப்பிள்ளை பொறுப்பில்லாதவர்னு அவர் நினைச்சுடக் கூடாதுன்னு பூசினேன். வெளுக்க வெளுக்கத் திரும்பப் பூசினேன்."

சட்டை கருகியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆபீசில் அதை வேடிக்கைக் கதையாக எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சட்டைக்கு அடியில் ஒரு மேஜை இருந்தது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

பாலிஷ்காரரைத் திரும்பக் கூப்பிட்டு அதையும் எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். இனிமே யார்கிட்ட மறைக்கணும்?" என்றாள். "அப்பாதான் இல்லையே."