எடைமேடைப் புரொபசரின் பந்தயம்

என் அக்கா புருஷன் இருபத்திரண்டு வருடமாக எடைமேடையில் குமாஸ்தா. சரக்கு லாரி மேடையில் ஏறி நின்றதும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடையைப் பார்த்துச் சீட்டில் குறிப்பார். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மறுபடி குறிப்பார். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. அந்தக் கழித்தலையும் இப்போது இயந்திரமே செய்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவதுதான் அவருக்கு மிச்சம். முத்திரை குத்துகிற ஆளுக்கு இவ்வளவு மண்டைக்கனம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். லாரி டிரைவர்கள் அவருக்கு ‘புரொபசர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை மரியாதை என்றே அவர் நம்பினார்.

எல்லாம் டிவியில் மாலை ஏழு மணிக்கு வரும் ஒரு வினாடி வினாவால் வந்தது. மூன்று பேர் ஆடுவார்கள். பதில் சொல்லச் சொல்லப் புள்ளி ஏறும். கடைசிச் சுற்றில்தான் பந்தயம். எதைப் பற்றிய கேள்வி என்று மட்டும் முதலில் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, தன்னிடம் உள்ள புள்ளியில் எவ்வளவு வைப்பது என்று ஒவ்வொருவரும் ரகசியமாக எழுத வேண்டும். கேள்வி அதற்குப் பிறகுதான். பதில் சரியென்றால் வைத்தது கூடும், தப்பென்றால் வைத்தது போகும். கடைசியில் யாரிடம் அதிகமோ அவருக்கு ஒரு கார். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம்.

ஊர் உலகமெல்லாம் அந்த நிகழ்ச்சியைக் கேள்விகளுக்காகப் பார்த்தது. இவர் பந்தயத்துக்காகப் பார்த்தார். கேள்வி ஓடும்போது சோபாவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருப்பார், ஏனென்றால் பாதிக்கு மேல் அவருக்குப் பதில் தெரியாது. கடைசிச் சுற்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டை விரிப்பார். யாரிடம் எவ்வளவு இருந்தது, யார் எவ்வளவு வைத்தார்கள், எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று ஏழு வருடம் எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ‘மடையன்’ என்று இருக்கும். பெண்ணாக இருந்தால் ‘மடச்சி’.

அவருடைய தத்துவம் இவ்வளவுதான். இரண்டாமவர் எல்லாவற்றையும் வைத்து இரட்டிப்பாக்கினாலும் தான் ஒரு புள்ளி மேலே நிற்கும்படி முதலிடத்துக்காரர் வைக்க வேண்டும். அப்படி வைத்தவர் பதிலில் சறுக்கினால் அதலபாதாளம். ஆகவே இரண்டாமிடத்துக்காரர் ஒன்றும் வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதும். முதலாமவர் விழுந்தால் ஆட்டம் இவருக்கு. பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம். அதை அவர் ஏழு வருடம் விளக்கினார். பின்னால் பதினைந்து லாரி ஹாரன் அடிக்க, முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்குவார். ஒருமுறை பல் டாக்டரிடம் போனவர், வாயில் பஞ்சை வைத்த பிறகும் விரலால் காற்றில் எண் எழுதிக் காட்டினாராம்.

ஒருநாள் பொறுமை இழந்து அக்கா, இவ்வளவு தெரிந்தவர் போய் ஆடித்தான் பார்க்கலாமே என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மனுப் போட்டார். நுழைவுத் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்வினார். அந்தத் தேர்வில் பந்தயம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை என்பது அவருடைய குறை. அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, பொது அறிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கேள்வி கேட்டாள். நதிகள், தலைநகரங்கள், யார் எதைக் கண்டுபிடித்தார் எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்குக் கால்வாசி ஏறியது. நான்காவது முறை தேறினார்.

படப்பிடிப்பு நாளன்று அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். எடைமேடைக்கு எதிரே எனக்கு டயர் கடை. ஒருநாள் மூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே விடுமுன் ஒளிபரப்பாகும்வரை முடிவை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஒப்பனை போடும் பெண்ணிடம்கூட அவர் இரண்டாமிடத்துத் தத்துவத்தை ஆரம்பித்தார். அவள் வாயை மூடச் சொல்லி உதட்டில் பவுடரைப் பூசினாள்.

அன்றைக்கு அவருக்கு ராசி இருந்தது. அக்கா உருப்போட வைத்த நதிகள் வரிசையாக வந்தன. கடைசிச் சுற்றின் வாசலில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் பதினெட்டாயிரம் புள்ளியோடு முதலிடம். என் மாமா பதினாலாயிரத்து இருநூறு. மூன்றாவதாக, பஸ் ஓட்டும் ஒரு பெண், ஒன்பதாயிரம். ஏழு வருடமாக அவர் எழுதிய அதே கணக்கு, கண்முன்னே நின்றது. பார்வையாளர் பக்கத்திலிருந்து எனக்கே தெரிந்தது: அவர் கணக்குப்படி ஒன்றும் வைக்காமல் நின்றால் போதும்.

அப்போது தொகுப்பாளர் துறையை அறிவித்தார்: எடைகளும் அளவுகளும்.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுமாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. தொகுப்பாளர் வேறு, இது உங்கள் ஏரியாவாச்சே சார் என்று எண்ணெய் ஊற்றினார். கூட்டம் கைதட்டியது. மாமா தலைகுனிந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல், எழுதி முடித்தார்.

கேள்வி இது: உலகத்துக்கே ஒரு கிலோ எவ்வளவு என்று காட்ட நூற்றாண்டுக்கு மேல் பெட்டகத்தில் பாதுகாத்த அந்த உலோகக் கட்டி பிளாட்டினமும் வேறொரு உலோகமும் கலந்தது. அந்த இன்னொரு உலோகம் எது?

பஸ் ஓட்டும் பெண் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். எவ்வளவு வைத்தீர்கள் என்றதற்கு, சுழியம் என்றாள். ஏன் என்று தொகுப்பாளர் கேட்டார்.

“எடை, அளவு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். தெரியாத எடத்துல எதுக்குக் கைய வெக்கணும்?”

அடுத்து மாமா. பதில், வெள்ளி. தப்பு. வைத்தது பதினாலாயிரத்து இருநூறு. முழுசும். பலகையில் அவர் பெயருக்கு நேரே சுழியம் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் தங்கம் என்று எழுதியிருந்தார், அவரும் தப்பு. அவர் மாமாவின் தத்துவப்படியே பத்தாயிரத்து நானூற்றொன்று வைத்திருந்ததால் ஏழாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கினார். கார் பஸ் ஓட்டும் பெண்ணுக்குப் போனது. சரியான விடை இரிடியம் என்று தொகுப்பாளர் சொன்னபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். வருடாவருடம் எடைமேடையைச் சோதிக்க வரும் ஆய்வாளர் அந்தக் கட்டியின் கதையை இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்ததும், இவர் குறுக்கே புகுந்து பந்தயக் கணக்கைப் பேசி அந்த மனிதரை ஓடவைத்ததும் எனக்குத் தெரியும்.

ராசி அத்தோடு தீர்ந்து, ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் அவர், கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஞாபகமிருக்கட்டும் என்றார்.

ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரம் அவர் ஆடிய ஆட்டத்தை நான் மன்னிக்கவே இல்லை. யார் என்ன கேட்டாலும் மெல்லச் சிரித்து, “ஒப்பந்தம் இருக்கு, பேசக்கூடாது” என்பார். தோற்றவன் அப்படிச் சிரிக்க மாட்டான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். மேலாளர் நாற்காலியை மாற்றிக் கொடுத்தார். காரை எங்கே நிறுத்துவது என்று அக்கா படிக்கட்டுக்குக் கீழே கிடந்த தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் ஒழித்தாள். அவளிடம்கூட அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டது ஒரு காரணம். அந்த மூஞ்சியை அன்றைக்குப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம், அதை மறைப்பானேன்.

அந்த மாலை வீட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குடும்பம், இரண்டு டிரைவர்கள், மேலாளர்கூட. மாமா உட்காரவில்லை, கதவுப் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு நதிக்கும் எல்லாரும் கைதட்டினார்கள். கடைசிச் சுற்று வந்தது. பதினெட்டு, பதினாலு இருநூறு, ஒன்பது என்று பலகையில் எண்கள் தெரிந்ததும் அக்கா நிம்மதியாகச் சோபாவில் சாய்ந்தாள்.

“ஒண்ணும் வெச்சிருக்க மாட்டாரு,” என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னாள். “ரெண்டாவதா நிக்கிறவங்க சும்மா இருக்கணும். அதான் கணக்கு.”

முழுத்தொகையும் திரையில் வந்தது. பிறகு சுழியம். மாமா முகத்தில் ஈயாடவில்லை. அக்கா டிவியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

“ஏழு வருஷமா என்கிட்ட என்ன சொன்னீங்க?”

“எடை என் தொழில். தொழில்னு வந்த எடத்துல எப்படி ஒதுங்கி நிக்கிறது?”

“தோத்தது போகட்டும். மூணு வாரமா அந்தச் சாமானெல்லாம் தூக்கி வெச்சேனே, அதையாவது தடுத்திருக்கலாமில்ல?”

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். எனக்கும்தான் அந்தக் கேள்வி பொருந்தும் என்று தோன்றி, நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன். மேலாளர் கடிகாரம் பார்த்துவிட்டுக் கிளம்பினார். டிரைவர்கள் வாசல் தாண்டும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், தெருவில் அடக்கவில்லை.

அதோடு ஒரு சாதாரண மனிதன் வாயை மூடியிருப்பான். இவர் கேள்வியே தவறு என்று சேனலுக்கு மூன்று கடிதம் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு அடித்தது குருட்டு அதிர்ஷ்டம், கணக்கே தெரியாமல் ஜெயித்தாள் என்று நோட்டில் அவள் பெயருக்கு நேரே ‘மடச்சி’ என்று எழுதினார். தன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. நோட்டை அக்கா என்னிடம் காட்டினாள், அதனால் தெரியும்.

இப்போது அக்கா வீட்டில் ஏழு மணிக்கு வேறு சேனல் ஓடுகிறது. ரிமோட் அவளிடம். எடைமேடையில் டிரைவர்கள் சீட்டை வாங்கியதும் ஜன்னலை ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே மாமா வேலை முடிந்ததும் சாலையைத் தாண்டி என் கடைக்கு வருகிறார். சக்கரத்தைக் கழற்றிப் போட்ட வண்டிக்காரன் எங்கே ஓடுவான்? பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முதலிடத்தில் இருப்பவர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். நேற்று ஒருவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். பஞ்சரை ஒட்டிக் காற்றடித்து, நட்டுகளை வேகமாக முறுக்கி அவரை அனுப்பிவைத்தேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.