நான் கேட்ட கரைச்சுவர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இந்தத் தெருவுக்கு வந்த கேடு அதுதான். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டுமென்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் வெள்ளைத்தாளோடு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நானும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பெரிய வக்கீல் மாதிரி உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பேன்.

எங்கள் தெரு மயிலாடுதுறையில் காவிரியின் தென்கரையில் இருக்கிறது. நன்னிலம் பக்கத்தில் குத்தகை நிலம் கைவிட்டுப் போனதும் அப்பா இங்கே வந்து, கரைச்சரிவில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். அப்போது இங்கே இருந்தவை ஒரு மூங்கில் வாடி, ஒரு செங்கல் சூளை, சூளையில் வேலை செய்தவர்களின் ஏழெட்டுக் குடிசைகள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது கரண்ட் வந்தது. சூளையை மூடிய பிறகு ஓட்டு வீடுகள் வந்தன. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் அவற்றை இடித்து மாடி கட்டினார்கள். எங்களுக்கு வீட்டு வரி ரசீது இருந்தது, குழாய் இருந்தது, ஓட்டுரிமை இருந்தது. பட்டா மட்டும் இல்லை. ஆற்றை விட்டுத் தள்ளி, தெருவுக்கு அந்தப்புறம் இருந்த எதிர்ச்சாரி வீடுகளுக்கு அதுவும் இருந்தது. அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதே இல்லை.

தெரு வளர்ந்ததில் எங்கள் கைவேலையும் உண்டு. ஒவ்வொரு கோடையிலும், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், ஆற்றில் தூர் வாருவார்கள். வாரிய மண்ணைக் கரையோரம் குவித்துவிட்டுப் பொக்லைன் போய்விடும். மறுநாள் காலையில் எங்கள் சாரி முழுக்கக் கூடையும் மண்வெட்டியுமாக இறங்கும். அந்த மண்ணை அள்ளி அவரவர் கொல்லையில் கொட்டி, மிதித்து, மேடாக்குவோம். வருஷத்துக்கு ஒரு முழம் ஆற்றுப்பக்கமாகக் கூடும். முதலில் அதில் வாழை வைப்போம். வாழை வேர் பிடித்துவிட்டால் பிறகு கக்கூஸ், அப்புறம் அடுப்படி. அப்பா காலால் அளந்து பார்த்து, "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு" என்பார், நெல்லைப் பற்றிப் பேசுகிறவர் போல. நிலத்தை இழந்த மனுஷன், வேறெப்படிப் பேசுவார்? நான் இன்று தைக்கிற அறை அந்த மண்ணில்தான் நிற்கிறது. நானே கூடை கூடையாகச் சுமந்திருக்கிறேன். ஆற்றிலிருந்து எடுத்ததை மறுபடி ஆற்றிலேயே கொட்டுகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டோம்.

மூன்று மழைக்காலமாகத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதில் மாடி கட்டியவள், முழங்கால் தண்ணீரில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, கரையில ஒரு சுவர் கட்டித் தரச் சொல்லி எழுதேன். நீ எழுதுனா தட்ட மாட்டாங்க."

எழுதினேன். சும்மா எழுதவில்லை, ரசித்து ரசித்து எழுதினேன். ஆற்றின் எல்லையை முறைப்படி அளந்து, எங்கள் குடியிருப்பைக் காக்கும் வண்ணம் கரைச்சுவர் அமைத்துத் தர வேண்டும் என்று. அளக்கச் சொல்லி அக்கா கேட்கவில்லை. மனு கனமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன். எங்கள் சாரியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்ச்சாரிக்காரர்கள் போடவில்லை. அவர்களுக்கு அதுவரை வாசற்படியோடு தண்ணீர் நின்றிருந்தது.

நாங்கள் போட்ட மனுக்களிலேயே இதற்குத்தான் சீக்கிரம் ஆள் வந்தார். தை மாதத்தில் ஒரு காலை, சர்வேயர் பழைய வரைபடத்தோடும் சங்கிலியோடும் வந்து நின்றார். அக்கா மோர் கொடுத்தாள். கொல்லைப்பக்கம் போய் அளப்பார் என்று வாழை இலைகளையெல்லாம் ஒதுக்கி வழிவிட்டு வைத்திருந்தோம். அவர் தெருவை விட்டு நகரவே இல்லை. என் வாசல் நிலைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.

"என்ன சார், ஆறு அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றேன்.

"இதுலேர்ந்து ஆறுதாம்மா. மேப்புல உங்க வீடுங்க எதுவுமே இல்லீங்க."

அவர் கையிலிருந்த தாள்களில் மேலே என் மனு இருந்தது. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

தண்ணீர் திறப்பதற்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் தருவார்களாம். அங்கே ஜாக்கெட் தைக்க என்னைத் தேடி யார் வருவார்கள்? தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் அக்கா மறுபடியும் வெள்ளைத்தாளோடு வந்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் டயம் கேட்டு எழுதும்மா."

"வேணாங்க்கா. என் கையால எழுதுனதெல்லாம் போதும்."

"உன்னை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

நடக்காது என்று தெரிந்தே எழுதினேன். நானும் அவளும் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்தோம். மேஜையில் இருந்தவர் அதைப் பிரிக்காமலே சிரித்தார்.

"உங்க தெரு மனுதான் பாஸ் ஆயிடுச்சேம்மா. சுவர் சாங்ஷன்."

வரைபடத்தை விரித்துக் காட்டினார். நான் கேட்ட சுவர்தான், நல்ல உயரம். சிவப்புக் கோட்டின் மேலேயே, என் வாசற்படி வழியாகப் போகிறது. எதிர்ச்சாரி வீடுகளுக்கு இனிமேல் வெள்ளப் பயம் இல்லை என்றார்.