உப்புக்கு ஒரு வடிகால்

எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட அவர் பாடம் நடத்தியதில்லை. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே எழுத்துப்பிழை கண்டுபிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பியவர் என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கணவர் வேன் ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் சாலையிலேயே கழியும். வயலைக் கட்டிக் காத்தது டீச்சர்தான்.

ஒருநாள் மோட்டார் கொட்டகை ஓரத்தில் மண் வெளுத்துக் கிடந்தது. உர மூட்டை கிழிந்து கொட்டியிருக்கும் என்று நினைத்து, தக்காளி பறிக்க வந்த பெண்களை ஒரு பிடி பிடித்தார். கூட்டி அள்ளிக் கொட்டினார். சில நாளில் மறுபடி வெள்ளை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி, வாய்க்காலில் வந்ததையெல்லாம் வயலுக்குத் திருப்பினார்.

"இப்படி ஊத்தினா செடிக்கு நீச்சல்தான் கத்துக் கொடுக்கணும்," என்றார் கணவர்.

"நீங்க உங்க வண்டியைப் பாருங்க."

அடுத்த பருவத்தில் வெள்ளை பாதி வயலுக்குப் பரவியிருந்தது.

விவசாய அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து குழி போட்டுப் பார்த்தார். இடுப்பளவு ஆழம்கூடப் போகவில்லை, தண்ணீர் ஊறிவிட்டது. "உப்பு எப்பவும் அடியில இருந்ததுதாங்க. நீங்க விட்ட தண்ணி கீழ தேங்கி, அதைக் கரைச்சு மேல கொண்டு வருது. தண்ணி வெயில்ல காஞ்சிடும், உப்பு தங்கிடும். வடிகால் வெட்டி, நல்ல தண்ணி விட்டுக் கழுவித்தான் ஆகணும்," என்றார்.

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த வயலைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறார்.

வடிகால் ஓடைக்குத்தான் போக வேண்டும். நடுவில் இருந்தது நாத்தனாரின் வயலும் வீடும். மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்த அன்று, நாத்தனார் அளவு நாடாவைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று டீச்சர் எல்லார் முன்னாலும் திருத்தி, வரப்போரமாக ஓடைவரை ஒரு துண்டு நிலத்தைத் தன் பக்கம் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இருந்தும் போய் வாசலில் நின்றார். நாத்தனார் உட்காரச் சொல்லவில்லை.

"உங்க உப்பை என் தலையில கட்டப் பாக்குறீங்களா அண்ணி?"

"உன் மண்ணுல நிக்காதும்மா. ஓடைக்குப் போயிடும். விட்டா உன் பக்கமும் ஏறும்."

"எப்பவும் எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசுவீங்க." கதவு சாத்திக்கொண்டது.

வயல் தரிசானது. டீச்சர் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சட்டைக்குப் பட்டன் தைக்கும்போதும் மனசு வயலில்தான் கிடந்தது.

அடுத்த கோடையில் நாத்தனார் அந்தக் கடைக்கு வந்தார். கையில் தைக்கத் துணி எதுவும் இல்லை.

"சமையலறைச் சுவர் பொரிஞ்சு கொட்டுது அண்ணி. கொல்லையில எலுமிச்சை பட்டுப்போச்சு. மண்ணெல்லாம் வெள்ளை."

அன்றைக்கே சொன்னேனே என்பது டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கியதைப் போலக் கஷ்டமான காரியம் வாழ்க்கையில் செய்ததில்லை என்று பின்னால் கணவரிடம் சொன்னார். அப்போது நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார்.

"உக்காரு. உன் வயலை வெட்ட வேண்டாம். வரப்போரமா இருக்கே, நான் அளந்து எடுத்துக்கிட்ட துண்டு, அதை விட அன்னைக்கு எனக்கு மனசு வரல. இப்ப அது வழியாவே ஓடைக்குப் போகட்டும். ரெண்டு வயல் தண்ணியும் அதுலயே வடியும். வெட்டுற மெஷின் நிக்க மட்டும் உன் பக்கம் இடம் கொடு."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அண்ணன் எப்ப வருவாரு? மெஷினுக்குச் சொல்லணுமே."

வெட்டிய அன்று பழுப்புத் தண்ணீர் கசிந்து ஓடியது. மழையிலும் வாய்க்கால் தண்ணீரிலும் இரண்டு வயல்களும் கழுவப்பட்டன. முதல் வருஷம் உப்பைத் தாங்கும் பீட்ரூட் மட்டும் தேறியது. அதற்குப் பிறகு மேட்டுப் பகுதியில் தக்காளி வந்தது. பள்ளத்து மூலை மட்டும் தேறவே இல்லை. டீச்சர் அதை ஆட்டுப் புல்லுக்கு விட்டுவிட்டார். தையல் வேலையையும் விடவில்லை.

வடிகாலில் கோரை மண்டினால் இருவரும் சேர்ந்துதான் இறங்கி இழுப்பார்கள். அள்ளிய சேற்றை யார் கரையில் போடுவது என்று அப்போதும் ஒரு சண்டை நடக்கும்.